உங்கள் அழைப்பைக் கண்டுகொள்வது எப்படி? சோர்ந்துபோகாமல் ஊழியம் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

சபையில் எந்த வேலை வந்தாலும் அதே நாலு பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிறுபள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமா, பாடகர் குழுவில் ஆள் குறைகிறதா, நோயாளியைப் போய்ப் பார்க்க வேண்டுமா, மைக் வேலை செய்யவில்லையா, எல்லாவற்றுக்கும் அவர்களுடைய போன்தான் அடிக்கும். அவர்களும் சந்தோஷமாகத்தான் தொடங்குவார்கள். சில வருடங்கள் கழித்து, அந்த நாலு பேரில் ஒருவர் ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடுவார். "எவ்வளவு வைராக்கியமாக ஊழியம் செய்தவர், என்ன ஆயிற்று?" என்று எல்லாரும் கேட்பார்கள். அவர் தோளில் எவ்வளவு ஏறியிருந்தது என்று அதுவரை யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். அவரும் பார்த்திருக்க மாட்டார்.

ஊழியத்துக்கு வரத் துடிக்கிற வாலிபருக்கும், பல வருடம் ஊழியம் செய்து உள்ளுக்குள் வற்றிப்போனவருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அழைப்பைக் கண்டுகொள்வது ஒரு பாடம், சோர்ந்துபோகாமல் இருப்பது இன்னொரு பாடம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். தேவன் ஒருவரை அழைக்கும்போது அந்த அழைப்புக்கு ஓர் எல்லையையும் சேர்த்தே கொடுக்கிறார். பவுலைவிட அதிகம் அலைந்த ஊழியக்காரர் யார்? அவரே 2 கொரிந்தியர் 10ஆம் அதிகாரத்தில், தேவன் தமக்கு அளந்து கொடுத்த அளவைத் தாண்டிப் போவதில்லை என்று எழுதுகிறார். எல்லை தெரியாதவருக்கு அழைப்பு பாதிதான் தெரிந்திருக்கிறது.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். அவசரப்பட வேண்டாம். முழுவதையும் செய்து முடிக்கச் சில மாதங்கள் ஆகும்.

படி 1: இப்போது எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

களைப்பு வேறு, சோர்ந்து எரிந்துபோவது (burnout) வேறு. ஒரு கன்வென்ஷன் முடிந்த மறுநாள் உடம்பெல்லாம் வலிக்கும். இரண்டு நாள் தூங்கினால் சரியாகிவிடும். அது களைப்பு. தூங்கி எழுந்தும் சரியாகவில்லை, விடுமுறை எடுத்துத் திரும்பி வந்தும் அதே கனம் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்றால் விஷயம் வேறு.

இந்த நிலைக்கு முதலில் பெயர் வைத்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். நியூயார்க்கில் ஏழைகளுக்கான ஓர் இலவச மருத்துவமனையில், மாலை நேரங்களில் மனமுவந்து சேவை செய்தவர்களிடம் இதைக் கவனித்து 1974இல் எழுதினார். கவனியுங்கள், இது சம்பளத்துக்காக ஓடியவர்களிடம் முதலில் கண்டுகொள்ளப்பட்டதல்ல. மற்றவர்கள்மேல் அக்கறை கொண்டு தங்களைக் கொடுத்தவர்களிடம் கண்டது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், இதை நோய் என்று சொல்லாமல் வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று வைத்து மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. சக்தியெல்லாம் தீர்ந்துபோன உணர்வு, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, எதைச் செய்தாலும் பலனில்லை என்று தோன்றுவது.

ஊழியத்தில் இந்த மூன்றும் எப்படி இருக்கும்? ஒரு தாய் அழுதுகொண்டே மகனுக்காக ஜெபிக்கச் சொல்கிறார். உங்கள் வாய் ஜெபிக்கிறது, மனதோ "இது எப்போது முடியும்" என்று கடிகாரத்தைப் பார்க்கிறது. ஜெபக்குழுவின் வாட்ஸ்அப் சத்தம் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வேதத்தைத் திறந்தால் அடுத்த செய்திக்கான குறிப்பு மட்டும்தான் கண்ணில் படுகிறது, உங்களுக்கென்று ஒரு வார்த்தையும் கிடைப்பதில்லை. இவற்றில் இரண்டு பல வாரங்களாகத் தொடர்ந்தால், புதிய அழைப்பைத் தேடும் வேலையை இப்போதைக்கு நிறுத்திவிட்டுக் கடைசியில் உள்ள 8ஆம் படிக்கு நேராகப் போங்கள்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், சோர்ந்த மனம் சரியாகத் தீர்மானிக்காது. இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே தம் ஆன்மிகப் பயிற்சிகளில் இதற்கு ஒரு விதி வைத்தார். ஆறுதலற்ற, இருண்ட நாட்களில் பழைய தீர்மானம் எதையும் மாற்றாதே, தெளிவாக இருந்த நாளில் எடுத்த முடிவிலேயே நில் என்பது அது. எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால், பாதி தவறான ராஜினாமாக்களும் பாதி தவறான "முழுநேர ஊழியத்துக்கு வந்துவிட்டேன்" அறிவிப்புகளும் குறையும்.

இன்னொன்று. சோர்வு வந்தாலே விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கித்த சார்லஸ் ஸ்பர்ஜன் வாழ்நாள் முழுவதும் கடுமையான மனச்சோர்வோடு போராடினார், அதைப் பிரசங்க பீடத்திலேயே மறைக்காமல் பேசினார். அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

படி 2: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு வாரத்துக்கு, சபைக்காகவும் ஊழியத்துக்காகவும் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பெரிய கூட்டங்களை மட்டும் எழுதினால் போதாது. போனில் ஆலோசனை சொன்ன நேரம், பாட்டுகளைத் தட்டச்சு செய்த நேரம், ஆட்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நேரம், நாற்காலி அடுக்கிய நேரம் எல்லாம் வர வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, யார் கேட்டு அதைச் செய்தீர்கள், முடித்தபின் உள்ளே எப்படி இருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். உடம்பு களைத்திருந்தும் உள்ளே நிறைவாக இருந்ததா, அல்லது வேலை சுலபமாக இருந்தும் உள்ளே காலியாக இருந்ததா?

ஒரு சகோதரியின் நோட்டில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி, இரண்டு மணி நேரம், "பாடகர் குழுத் தலைவர் கேட்டார், காலி." ஞாயிறு காலை பிள்ளைகள் வகுப்பு, ஒரு மணி நேரம், "ஆசிரியர் வரவில்லை என்று கடைசி நேரத்தில் சொன்னார்கள், பதற்றம்." ஞாயிறு மாலை, சமீபத்தில் கணவரை இழந்த ஒரு அக்கா வீட்டில் மூன்று மணி நேரம், "யாரும் கேட்கவில்லை, நானே போனேன், வீட்டுக்கு வரும்போது இரவாகிவிட்டது, ஆனால் மனசு லேசாக இருந்தது." புதன்கிழமை ஜெபக்கூட்டத்தை நடத்தியது, "முறை வந்தது, பரவாயில்லை." வியாழன் இரவு இன்னொரு வீட்டில் துக்கம் விசாரித்தது, "நானே போனேன், நிறைவு."

அந்தச் சகோதரி தன்னை ஒரு பாடகி என்று பல வருடம் நினைத்திருக்கலாம். சபையும் அப்படித்தான் நினைத்திருக்கும். நோட்டு வேறு ஒன்றைச் சொல்கிறது. துக்கத்தில் இருப்பவர்களோடு உட்காருகிற ஒரு கிருபை அவருக்கு இருக்கிறது. அதை அவர் எந்தப் பொறுப்பின் பெயராலும் செய்யவில்லை, அதனாலேயே அது யாருடைய கண்ணிலும் படவில்லை. இரண்டு வாரத்தை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாதுதான். ஆனாலும் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படி 3: தேவையையும் அழைப்பையும் பிரித்துப் பாருங்கள்

நம்மில் பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான். கண்ணெதிரே ஒரு தேவை நிற்கிறது, அதைச் செய்ய ஆள் இல்லை, ஆகவே தேவன் என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். தேவையைப் பார்த்து மனம் கரைவது நல்லதுதான். ஆனால் தேவைகளுக்கு முடிவே இல்லை. எல்லாத் தேவையும் உங்கள் அழைப்பு என்றால் உங்களுக்கு அழைப்பே இல்லை என்றுதான் அர்த்தம்.

மாற்கு 1ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். கப்பர்நகூமில் ஒரு மாலை முழுவதும் இயேசு நோயாளிகளைச் சுகமாக்குகிறார். பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் கூடியிருக்கிறார்கள். மறுநாள் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இயேசுவோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம், இதற்காகவே புறப்பட்டு வந்தேன் என்கிறார். கப்பர்நகூமில் அன்று காலை இன்னும் நோயாளிகள் இருந்திருப்பார்கள். உண்மையான தேவை அது. ஆனாலும் எதற்காக வந்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அந்தத் தெளிவு இருட்டில் தனியாக ஜெபித்த இடத்தில் அவரோடு இருந்தது.

அப்போஸ்தலர் 6இலும் இதே கதைதான். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாட உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. தேவை நியாயமானது. பன்னிருவரும் அதை அற்பமாக நினைக்கவில்லை, அதே சமயம் தாங்களே பந்தி விசாரிக்கவும் போகவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். விளைவு என்ன? அந்த ஏழு பேரில் ஸ்தேவானும் பிலிப்பும் இருந்தார்கள். அப்போஸ்தலர்கள் எல்லாவற்றையும் தாங்களே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால், அந்த இரண்டு பேரின் ஊழியம் எப்படி வெளியே வந்திருக்கும்? நீங்கள் விடாமல் பிடித்திருக்கும் ஒரு பொறுப்பு இன்னொருவருடைய அழைப்பாக இருக்கலாம். இதைச் சிந்தித்தால், விட்டுக்கொடுப்பது குற்ற உணர்வாகத் தோன்றாது.

நோட்டில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இந்தக் கேள்வியை எழுதிப் பாருங்கள். நாளைக்கு நான் வேறு ஊருக்கு மாறிப்போனால் இதை யார் செய்வார்கள்? "யாராவது செய்துவிடுவார்கள்" என்று பதில் வரும் வேலைகளை உங்கள் அழைப்பு என்று உடனே எண்ணிவிட வேண்டாம். "அதற்கு ஆளே இல்லை" என்று வந்தாலும் உடனே பிடித்துக்கொள்ளாதீர்கள். ஆள் இல்லாததற்குக் காரணம், சில சமயம் நீங்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பதுதான்.

படி 4: வரம், பாரம், கனி, சாட்சி

அழைப்பு என்றதும் சவுலுக்கு, அதாவது பவுலுக்கு, தமஸ்கு வழியில் வந்தது போல் ஒரு வெளிச்சத்தை எதிர்பார்க்கிறோம். வேதத்தில் அப்படி அழைக்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் தீமோத்தேயு எப்படி வந்தார்? லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் உள்ள சகோதரர்கள் அவரைக் குறித்து நல்ல சாட்சி சொன்னார்கள், பவுல் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். உங்களுடையதும் அப்படி அமைதியாக வரலாம்.

நான்கு இடத்தில் தேடச் சொல்வேன்.

முதலாவது வரம். ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4, 1 பேதுரு 4 ஆகிய நான்கு பகுதிகளையும் ஒரே வாரத்தில் வாசியுங்கள். போதகம், தீர்க்கதரிசனம் போன்ற வெளியே தெரிகிற வரங்களோடு இரக்கம் செய்வது, பகிர்ந்து கொடுப்பது, உதவி செய்வது, நிர்வாகம் ஆகியவையும் அதே வரிசையில் நிற்பதைக் கவனியுங்கள். யாத்திராகமம் 31இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாகச் சொல்லப்படுகிற பெசலெயேல் பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கைவேலை செய்கிறவர். மேடையேறாதது ஊழியம் இல்லை என்ற எண்ணத்தை அவரே அடித்து உடைத்துவிடுகிறார்.

அடுத்தது பாரம். எதைப் பார்த்தால் உங்களுக்கு இரவில் தூக்கம் வரவில்லை? எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்ற செய்தியைப் பலர் கேட்டிருப்பார்கள். நெகேமியா உட்கார்ந்து அழுதார். ஆனால் பாரம் மட்டும் போதாது. உணர்ச்சிவசப்பட்ட ஒரு கூட்டத்தில் வந்த பாரம் இரண்டு மாதத்தில் காணாமல் போகலாம். செய்தியைக் கேட்டதிலிருந்து ராஜாவிடம் வாய் திறக்கும்வரை நெகேமியா கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம்வரை, ஏறக்குறைய 4 மாதம், ஜெபத்தில் காத்திருந்தார். பாரம் அத்தனை காலம் தாங்கியது.

கனி என்பது எளிது: நீங்கள் செய்வதால் மற்றவர்கள் கட்டப்படுகிறார்களா? உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் கணக்கில் வராது.

சாட்சியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் அதிகம் தாண்டிப் போகிறோம். அந்தியோகியாவில் ஐந்து பேர் கூடி உபவாசித்து ஆராதனை செய்துகொண்டிருந்தபோது, "பர்னபாவையும் சவுலையும் நான் அழைத்த ஊழியத்துக்காக அவர்களைப் பிரித்துவிடுங்கள்" என்று ஆவியானவர் சொன்னதாக அப்போஸ்தலர் 13இல் வாசிக்கிறோம். அழைக்கப்பட்டவர்கள் இரண்டு பேர், அதைக் கேட்டதோ குழுவாக. அதற்கும் முன்னால், சவுல் தர்சுவில் இருந்தபோது அவரைத் தேடிக்கொண்டு போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவர் பர்னபா. உங்கள் வாழ்க்கையில் பர்னபா போன்ற ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள். உங்களைவிட வயதில் மூத்தவர், உங்களைப் பல வருடம் கவனித்தவர், உங்களால் ஆதாயம் எதுவும் இல்லாதவராக இருந்தால் நல்லது. அப்படி மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள்: "நான் எதைச் செய்யும்போது கர்த்தருடைய கரம் இருப்பதாக உங்களுக்குத் தெரிகிறது? எதைச் செய்யும்போது நான் திணறுகிறேன்?" இரண்டாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். மரியாதைக்காக முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பார்கள்.

உள்ளே நிறைவு இருக்கிறதா என்று பாருங்கள் என்ற என் சொந்த விதிக்கே இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். சில சமயம் அழைப்பு நமக்கு விருப்பமில்லாத வடிவத்தில், இன்னொருவருடைய வற்புறுத்தலாகவே வரும். 1536இல் சபைச் சீர்திருத்தவாதியான ஜான் கால்வின் அமைதியாகப் படித்து எழுத நினைத்து ஸ்ட்ராஸ்பூர்க் போகிற வழியில் ஜெனீவாவில் ஓர் இரவு தங்கினார். அங்கே இருந்த ஃபாரெல் என்ற போதகர் விடாப்பிடியாக மடக்கி, கடுமையாகப் பேசி அவரை நிறுத்தினார். கால்வின் பயந்துதான் தங்கினார். பிறகு அதுவே அவருடைய வாழ்நாள் ஊழியமானது. ஆகவே மனதுக்குப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தள்ளிவிடாதீர்கள். ஃபாரெல் போல் ஒருவர் வந்தால் மற்ற மூன்றையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

ஒருவருக்கு எல்லாம் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, வங்காளத்தில் செராம்பூரில் சேர்ந்து ஊழியம் செய்த மூன்று மிஷனரிகள் நல்ல உதாரணம். வில்லியம் கேரி மொழிகளில் மூழ்கி வேதத்தை மொழிபெயர்த்தார். மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர், பள்ளிகளை நடத்தினார். வார்டு அச்சுத் தொழில் தெரிந்தவர், அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார். கேரியின் பெயர்தான் எங்கும் சொல்லப்படுகிறது. மற்ற இருவர் இல்லாமல் கேரியின் மொழிபெயர்ப்புகள் அச்சில் வந்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

படி 5: முடிவுத் தேதியோடு முயன்று பாருங்கள்

யோசித்துக்கொண்டே இருந்தால் தெரியாது, செய்து பார்த்தால்தான் தெரியும். படி 4இல் வெளிப்பட்ட ஒன்றை எடுத்து, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்குங்கள். தொடங்கும் நாளிலேயே முடியும் தேதியையும் பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். "ஆறு மாதம் செய்கிறேன், அப்புறம் நாம் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சபைகளில் பல பொறுப்புகளுக்குத் தொடக்கம் மட்டும்தான் இருக்கிறது. முடிவு என்பது பெரும்பாலும் கோபத்திலோ நோயிலோதான் வருகிறது.

முயன்று பார்க்கும் காலத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பழையதில் ஒன்றை இறக்கி வையுங்கள். இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் செய்தால், இந்த வழிகாட்டியால் உங்கள் சுமை கூடும், அவ்வளவுதான்.

படி 6: மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மூத்தவர்கள் கேட்கும்போது முடியாது என்று சொல்வது நமக்கு எளிதல்ல. அதிலும் போதகர் கேட்டால், கர்த்தரே கேட்டது போல் மனம் பதறும். அதனால்தான் என்ன சொல்வது என்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு உரையாடல்:

"தம்பி, இந்த வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளி முழுசும் உங்க பொறுப்பு, சரியா?"

"ஐயா, என்னை நினைச்சுக் கேட்டதுக்கு நன்றி. ரெண்டு நாள் ஜெபம் பண்ணிட்டுச் சொல்லட்டுமா?"

இரண்டு நாள் கழித்து:

"ஐயா, ஜெபிச்சேன், வீட்லயும் பேசினேன். முழுப் பொறுப்பை என்னால எடுக்க முடியாது. வாலிபப் பிள்ளைங்களோட நடக்கிற அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்தான் கர்த்தர் எனக்குக் கொடுத்த இடம்னு தெளிவா தெரியுது. அதைக் கெடுத்துக்காம இருக்கணும். வேணும்னா கடைசி நாள் கதை சொல்ற ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கிறேன்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. உடனே பதில் சொல்லவில்லை. பொய்க் காரணம் சொல்லவில்லை. கொடுக்க முடிந்த அளவைத் தெளிவாகச் சொன்னார். "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்" என்பதை நழுவுவதற்கான சாக்காக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். சொன்னால் உண்மையாகவே ஜெபியுங்கள், சொன்ன நாளில் பதில் கொடுங்கள். நழுவல் பதில்களால் நொந்துபோன போதகர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

யோவான் ஸ்நானகனிடம் நீர் யார் என்று கேட்டபோது அவர் முதலில் சொன்ன பதில், "நான் கிறிஸ்து அல்ல" என்பது. தான் யார் இல்லை என்று தெரிந்திருந்ததால்தான் தன் சீஷர்கள் இயேசுவுக்குப் பின்னால் போனபோது அவரால் சந்தோஷப்பட முடிந்தது. எல்லாரையும் இரட்சிக்கிற வேலை ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்ப்பதையும் இங்கேயே விட்டுவிடுங்கள். பேதுரு யோவானைக் காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்டதற்கு உயிர்த்தெழுந்த இயேசுவின் பதில்: "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா." மற்ற ஊழியக்காரர்களின் யூடியூப் பார்வை எண்ணிக்கையைப் பார்த்து மனம் சுருங்கும் நாளில் இதை வாசியுங்கள்.

படி 7: முறை வையுங்கள், ஓய்வை நாட்காட்டியில் எழுதுங்கள்

தாவீது ஆசாரியர்களை 24 வகுப்புகளாகப் பிரித்தார் என்று 1 நாளாகமம் 24இல் இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் பாடகர்கள் 288 பேர், அவர்களும் 24 பிரிவுகளாக. பெயர்ப் பட்டியல் என்று நாம் தாண்டிப்போகிற அதிகாரங்கள் இவை. இவற்றின் பலனை லூக்கா 1இல் பார்க்கலாம். அபியா வகுப்பைச் சேர்ந்த சகரியா தேவாலயத்தில் தூதனைக் காண்கிறார், வாய் அடைபட்டுப் போகிறது. இவ்வளவு பெரிய அனுபவத்துக்குப் பிறகு என்ன செய்தார்? "அவனுடைய ஊழியத்தின் நாட்கள் நிறைவேறினவுடனே தன் வீட்டுக்குப்போனான்." முறை முடிந்தது, வீட்டுக்குப் போனார். தரிசனம் கண்டவருக்கும் வீடு இருந்தது.

உங்கள் சபையில் ஒரே ஆள் வாரம் தவறாமல் செய்கிற வேலைகள் எத்தனை? ஒவ்வொன்றுக்கும் இன்னொருவரைச் சேர்த்து முறை போடச் சொல்லுங்கள். நீங்கள் தலைவராக இருந்தால் இதை இந்த மாதமே தொடங்கலாம். மாமனார் எத்திரோ மோசேக்குச் சொன்னதும் இதுதான். "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல, நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்." காத்துக்கொண்டே நிற்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதை மறக்காதீர்கள். அந்த ஆலோசனைக்குப் பிறகும் எண்ணாகமம் 11இல் மோசே மறுபடியும் உடைந்து, இந்த ஜனங்களை ஒருவனாய்த் தாங்க முடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று முறையிடுகிறார். தேவன் 70 மூப்பர்களைக் கொடுத்தார். ஒரு தடவை பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தால் போதாது, வேலை வளர வளரத் திரும்பத் திரும்பப் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஓய்வைப் பற்றிச் சுருக்கமாக: ஞாயிறு உங்களுக்கு வேலை நாள் என்றால் வாரத்தில் இன்னொரு நாளை எடுங்கள், அன்று போனைத் துணைவரிடமோ நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள். மரணம், விபத்து போன்றவற்றுக்கு மட்டும் அவர் உங்களைக் கூப்பிடட்டும். பிள்ளைகளின் பள்ளி விழா, திருமண நாள் ஆகியவற்றை ஊழிய நாட்காட்டியில் முதலில் எழுதுங்கள், கூட்டங்களைப் பிறகு எழுதுங்கள்.

முழுநேர ஊழியமா, வேலையோடு ஊழியமா என்ற கேள்வியையும் இந்தப் படியில்தான் பேச வேண்டும், ஏனென்றால் பணக் கவலையும் மனிதனை எரித்துவிடும். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே பிரசங்கித்தார். வேலையை விடுவது ஆவிக்குரிய உயர்வு என்று யாரும் உங்களைத் தள்ளிவிட வேண்டாம். விடத்தான் வேண்டும் என்றால், மனைவியோ கணவரோ மனதார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், அனுப்புகிற சபை ஒன்று பின்னால் நிற்க வேண்டும், கடன் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இல்லாதவரை காத்திருங்கள் என்பதே என் ஆலோசனை.

படி 8: ஏற்கெனவே சோர்ந்துபோயிருந்தால்

1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கிறார். கர்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்டவர் அவர். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுத் திரும்பவும் படுத்தார். மறுபடி எழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லித் திரும்பவும் சாப்பிட வைத்தான். கேள்வியும் புதிய கட்டளையும் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தன. அங்கேயும் தேவன் அவருக்கு எலிசாவைக் கொடுத்தார், தனியாக இல்லை என்று காட்ட 7,000 பேர் மீதியாக இருப்பதைச் சொன்னார்.

அந்த வரிசையையே பின்பற்றுங்கள். முதலில் தூக்கமும் ஆகாரமும். அடுத்தது ஒரு மருத்துவர். இரத்தப் பரிசோதனையில் தெரிகிற குறைபாடுகளும் மனச்சோர்வு நோயும் ஆவிக்குரிய சோர்வு போலவே தோன்றும், மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்வதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. எலியாவைப் போல் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், அதை இன்றே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரோடு மருத்துவரிடம் போங்கள், தனியாக இருக்காதீர்கள். பிறகு போதகரிடம் பேசி, மூன்று மாதமாவது எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுப்பு கேளுங்கள். ஆராதனைக்கு வந்து பின் வரிசையில் உட்காரும் ஒரு விசுவாசியாக மட்டும் இருங்கள்.

சபைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பவுலுக்கு உதவ பிலிப்பி சபை அனுப்பிய எப்பாப்பிரோதீத்து ஊழியத்தில் நோய்ப்பட்டு மரணத்துக்குச் சமீபமாகப் போனபோது பவுல் அவரை வீட்டுக்கு அனுப்பினார். பாதியில் திரும்பிவந்தவன் என்று யாரும் ஏளனமாகப் பார்க்காதபடி, "இப்படிப்பட்டவர்களைக் கனமாயெண்ணுங்கள்" என்று பிலிப்பியருக்கு எழுதியும் அனுப்பினார். உங்கள் சபையில் விடுப்பு கேட்டு வருகிறவரைப் பற்றி நீங்கள் மேடையில் என்ன சொல்வீர்கள் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்தவர் சமயத்துக்கு வந்து கேட்பாரா, இல்லை ஒருநாள் சொல்லாமலே காணாமல் போவாரா என்பது இருக்கிறது.

திரும்பி வரும்போது பழைய பட்டியலை அப்படியே கையில் எடுக்காதீர்கள். நோட்டில் "நிறைவு" என்று எழுதியிருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். பொறுப்பாளர் வேறொருவராக இருக்கட்டும், நீங்கள் துணையாக இருங்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரம். மூன்று மாதம் அப்படிப் போன பிறகு 2ஆம் படியின் நோட்டைத் திரும்ப எழுதுங்கள். இரண்டாவது வேலையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அப்போது, உங்களுக்குச் சாட்சி சொன்ன அந்த மூன்று பேரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.